வண்டி சூடாகும் முன்

ஜூன் 3, செவ்வாய்

அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மலை ஏறும்போது பாதி வளைவுகளுக்கு மேல் நான் கண்ணையே திறக்கவில்லை. வால்பாறையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது நல்ல மழை. மாமா காரோடு நின்றிருந்தார்.

சத்யா அக்காவுக்கு இந்த மாதக் கடைசியில் நாள் குறித்திருக்கிறார்கள். முதல் பிள்ளை தங்காமல் போனது. இந்த முறை வலி கண்டதும் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்கு இறக்கிவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மாமாவுக்கு அதில் கவலையே இல்லை. "வாசல்லயே வண்டி நிக்குது, எதுக்குப் பயம்?" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

மாமா பெயர் தனபால். டாக்ஸி ஓட்டுகிறார். இந்தக் கார் வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. பழைய கார், வெள்ளை நிறம்.

அம்மாவால் மில் வேலையை விட்டு வர முடியாது. ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்ட என்னை எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம். வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. நின்றதற்கு அதுதான் காரணம். வீட்டில் வேறு காரணம் சொல்லிக்கொள்கிறார்கள்.

ஜூன் 4, புதன்

மாமா எனக்கு ஒரு வேலை கொடுத்தார். "யமு, நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள வண்டியத் தொடச்சு, ஸ்டார்ட் பண்ணி விட்டுடு. கியர் நியூட்ரல்ல இருக்கும், சாவியத் திருப்பினாப் போதும். ஆனா மொதல்ல சாமி பாட்டப் போட்டுடணும். பாட்டு இல்லாம இந்த வண்டி ஒரு நாளும் கெளம்பினதில்ல."

அக்கா அப்போதுதான் அயர்ந்து தூங்கியிருந்தாள். பாட்டை மாமா வைத்திருக்கும் சத்தத்தில் போட்டால் தோட்டத்து லயன் வரிசையில் உள்ள எல்லா வீடும் எழுந்துவிடும். அதனால் போடவில்லை. சாவியை மட்டும் திருப்பினேன்.

எஞ்சினுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டு யாரோ ஆத்திரத்தோடு குலுக்குவது போல இருந்தது. நான் சாவியிலிருந்து கையை எடுப்பதற்குள் நின்றுவிட்டது. அதன்பிறகு ஒன்றுமே நடக்காதது போல வண்டி சாதுவாக ஓடிக்கொண்டிருந்தது. நாம் உள்ளே நுழைந்ததும் பேச்சை நிறுத்திக்கொள்கிறவர்களைப் போல.

சுற்றிலும் பனி. தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் தேயிலைச் செடிகள்கூடத் தெரியவில்லை.

ஜூன் 5, வியாழன்

இன்றும் அந்தச் சத்தம் வந்தது. துணி காயவில்லை. அக்காவின் கால் வீங்கியிருக்கிறது.

ஜூன் 7, சனி

மாமாவிடம் சொல்ல மூன்று நாள் ஆயிற்று. சாப்பாடு போடும்போது சொன்னேன்.

"சத்தமா? என் வண்டியிலயா?" என்று சிரித்தார். "வாய் தெறந்து பேசாத புள்ள, வண்டி பேசுதுங்குது பாரு சத்யா."

இருந்தாலும் மதியம் டவுனுக்குப் போன இடத்தில் சார்லஸ் அண்ணனின் பட்டறையில் காட்டினாராம். அங்கே எந்தச் சத்தமும் கேட்கவில்லை. பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, பெல்ட் தேய்ந்திருக்கிறது, அதுதான் கத்தியிருக்கும் என்று புதிய பெல்ட் போட்டு அனுப்பியிருக்கிறார். மாமாவுக்குத் திருப்தி.

நாளையிலிருந்து மறக்காமல் பாட்டுப் போட வேண்டும் என்று என்னிடம் சொன்னார். சாமி பேரைச் சொல்லாமல் கிளப்பினால் வண்டி அப்படித்தான் முரண்டு பிடிக்குமாம்.

ஜூன் 8, ஞாயிறு

பாட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினேன். பாட்டுக்கு அடியில் அது இருந்தது. கையை ஸ்டியரிங் மேல் வைத்திருந்ததால் தெரிந்தது.

ஜூன் 10, செவ்வாய்

அக்காவின் போனை எடுத்துக்கொண்டு போய், பாட்டைப் போடாமல் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்தேன். சமையல் முடித்து, அக்கா படுத்த பிறகு, அடுப்படியில் உட்கார்ந்து போட்டுக் கேட்டேன்.

முதலில் சாவி திரும்புகிறது. பிறகு அந்தக் கடகட. அது அடங்குகிறது. எஞ்சின் நிதானமாக ஓடுகிறது.

அதற்கு மேல் ஒரு பெண் குரல். "பாத்துப் போயிட்டு வாங்க."

அது அக்காவின் குரல் இல்லை, என் குரலும் இல்லை. அந்த நேரத்தில் வாசலில் என்னைத் தவிர யாருமே கிடையாது. மறுபடியும் போட்டேன். மறுபடியும் அதே குரல், தினமும் சொல்லிச் சொல்லிப் பழகிய குரல், அவசரமே இல்லாமல் சொல்கிறது. பாத்திரம் கழுவிய கையைத் துடைக்காமலே போனை எடுத்திருக்கிறேன், திரையெல்லாம் ஈரம்.

மாமா வந்ததும் காட்டினேன். சத்தத்தைக் கேட்டு, "இது என் வண்டியே இல்ல" என்றார். குரல் வந்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். வைத்த இடம் ஸ்டூலின் விளிம்பு. காப்பி தரையெல்லாம் ஓடியது. அதை அவர் பார்க்கவே இல்லை.

"அக்காகிட்ட இதக் காட்டினியா?"

"இல்ல மாமா."

"காட்டாத." அவரே அதை அழித்துவிட்டார். நான் முன்பே அனுப்பிவைத்துக்கொண்ட இன்னொரு பதிவு என் பழைய போனில் இருக்கிறது. அதை அவரிடம் சொல்லவில்லை.

ஜூன் 11, புதன்

மாமா காலையிலேயே பூசாரி ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வண்டியைச் சுற்றிவந்து எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். பிறகு பானெட்டின் வாயை மூடி, முன் கம்பியோடு சேர்த்து, மஞ்சள் தடவிய கயிற்றால் ஒரு கட்டுக் கட்டினார் பூசாரி. ஒரு மண்டலம் முடியும்வரை அந்தக் கட்டை அவிழ்க்கக் கூடாது, பானெட்டைத் திறக்கவும் கூடாது. உள்ளே இருப்பது வெளியே வரக் கூடாதாம்.

"உள்ள என்ன இருக்கு?" என்று அக்கா கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. உனக்கு நல்லபடியாப் பொறக்கணும்னுதான்" என்றார் மாமா.

அக்கா கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மாமா என் பக்கம் பார்க்கவே இல்லை.

ஜூன் 13, வெள்ளி

பார்த்துவிட்டேன்.

இன்று சாவியைத் திருப்பும்போது வண்டியைப் பார்க்காமல் தண்ணீர்த் தொட்டிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். கடகட என்றதும் பனிக்குள் ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர் தெரிந்தது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு பெண் நின்றிருந்தாள். மழை தூறியது. கையில் குடை இருந்தும் விரிக்கவில்லை. தலையைச் சற்றுச் சாய்த்து, பக்கத்து அறையில் பேசுவதைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் அடங்கியதும் அவள் வாய் அசைந்தது. திரும்பி நடந்தாள். பனி அவளை மூடிக்கொண்டது.

மாமா குளித்துவிட்டு வந்தார். சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். இட்லிக்கு ஊறப்போட மறந்துவிட்டேன் என்று அக்கா திட்டினாள்.

ஜூன் 14, சனி

இன்று வேண்டுமென்றே தாமதித்தேன். கண்ணாடியைத் துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்தேன். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

"இன்னும் ஏன் போடல? நேரமாச்சே."

போனில் பதிவான அதே குரல், அவ்வளவு அருகில். திரும்பினேன். அதே சாம்பல் ஸ்வெட்டர், அக்காவைவிடப் பத்து வயது மூத்தவர் போல இருந்தார். நெற்றியில் ஒன்றும் இல்லை. கண்கள் என் மேல் நிற்காமல் காரின் மேலேயே இருந்தன.

"நீ தனபாலுக்கு என்ன வேணும்?"

"கொழுந்தியா."

"பேரு?"

"யமுனா."

"நான் இந்திராணி. இது எங்க வண்டிதான். எஸ்டேட்டோட மேல் டிவிஷன்ல இருக்கோம். இருக்கோம்னா, நான் மட்டுந்தான்." ஈரமான கதவின் மேல் உள்ளங்கையை வைத்தார். "எங்க வீட்டுக்காரரு போன மழைக்கு மலை எறக்கத்துல போயிட்டாரு. பழனிவேலுன்னு பேரு. வளைவுல வண்டி நேராப் போயிடுச்சு. குடிச்சிருந்தான்னு ஊரே பேசுது. ரோட்டுல டயர் தேஞ்ச தடமே இல்லியாம், பிரேக்கே புடிக்கலியாம், தூங்கிட்டான், குடிச்சிட்டான்னு. ஒரு சொட்டுத் தொட மாட்டாரு அவரு."

துணியைப் பிழிந்துகொண்டே நின்றேன்.

"இந்தச் சத்தம் இருக்குல்ல, அவருதான். காலையில எங்கிட்ட சொல்லாமப் போக மாட்டாரு. இத யாரும் நிறுத்திடாதீங்க. என்னா?"

பிறகு நான் கேட்டேன். எப்படி எனக்குக் குரல் வந்தது என்று இப்போதும் தெரியவில்லை.

"அக்கா, இந்தச் சத்தம் எப்பலேர்ந்து வருது?"

"அதுவா?" என்று முதல் முறையாகச் சிரித்தார். "அவரு இருக்கும்போதே வரும். கடைசி ரெண்டு மூணு மாசமா. நான் காப்பியோட வாசலுக்கு வருவேன், இது கடகடங்கும். பாரு, உன்னக் கூப்பிடுதும்பாரு."

சாவியைத் திருப்பினேன். அவர் கேட்டுவிட்டுப் போனார்.

மதியம் வாழைக்காய் நறுக்கும்போதுதான் கை நின்றது. அவர் உயிரோடு இருந்தபோதே இந்தச் சத்தம் வந்திருக்கிறது. அப்படியானால் இது அவராக இருக்க முடியாது. இது அவருக்கு முன்னாலேயே அந்த வண்டிக்குள் இருந்தது. அவரோடு வளைவு வரைக்கும் போயிருக்கிறது. அவர் மட்டும் திரும்பி வரவில்லை.

பேய் என்று நினைத்தபோது இவ்வளவு பயமாக இருக்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

அக்காவுக்கு மருந்து வாங்க வேண்டும் என்று டவுனுக்குப் போனேன். சார்லஸ் அண்ணனின் பட்டறைக்கு எதிர்ப்புறம் பேக்கரி வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். இரண்டு முறை திரும்பி நடந்தேன். மழை பலத்தது, அதனால் பட்டறைக்குள் ஓடினேன். இல்லையென்றால் போயிருக்க மாட்டேன்.

சார்லஸ் அண்ணனிடம் என் போனை நீட்டினேன். அவர் காதருகே வைத்துக் கேட்டார். சிரிப்பு போய்விட்டது. இன்னொரு முறை கேட்டார்.

"யார் வண்டிம்மா?"

"தனபால் மாமா வண்டி."

"அடக் கடவுளே. அன்னைக்கே இதக் காட்டியிருந்தா? எங்கிட்ட வரும்போது வண்டி சூடாயில்ல வருது! சூடாயிட்டா இது வாயத் தெறக்காதே. நான் பாட்டுக்குப் பெல்ட்ட மாத்தி அனுப்பிட்டேன்." தன் தலையில் தானே தட்டிக்கொண்டார். "இது டைமிங் செயின்மா."

எனக்குப் புரியும்படி சொன்னார். சைக்கிளில் இருப்பது போல எஞ்சினுக்குள்ளும் ஒரு செயின் ஓடுகிறது. எஞ்சினின் கீழ்ப்பாகமும் மேல்பாகமும் ஒரே தாளத்தில் இயங்க அதுதான் கட்டிவைத்திருக்கிறது. நாளாக நாளாக அது நீண்டு தொய்ந்துவிடும். தொய்வை இழுத்துப் பிடிக்க ஒரு டென்ஷனர் உண்டு, அது ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும். இரவெல்லாம் நின்ற வண்டியில் ஆயில் கீழே இறங்கியிருக்கும். அதனால் காலையில் கிளப்பியதும் செயின் ஆடி, உள்சுவரில் அடிக்கிறது. ஆயில் ஏறியதும் அடங்கிவிடுகிறது.

"அடங்கிடுதே, அப்புறம் என்னன்னு நெனப்பாங்க. ஒரு நாள் செயின் சக்கரத்துப் பல்லத் தாண்டும். கிளப்பும்போது தாண்டலாம், ஆக்ஸிலேட்டரத் திடீர்னு விடும்போது தாண்டலாம். தாண்டினா மேல இருக்கற வால்வும் பிஸ்டனும் மோதிக்கும். எஞ்சின் அந்த இடத்துலயே செத்துடும். எறக்கத்துல நின்னுதுன்னு வையி, ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆயிடும். பிரேக்கு ரெண்டு மிதிக்கு மேல எறங்காது. ஏறி நின்னு மிதிச்சாலும் டயரு சுத்தறத நிறுத்தாது."

"தடமும் விழாதா?"

"டயரு லாக் ஆனாத்தான தடம் விழும்?" என்னை உற்றுப் பார்த்தார். "அந்த எஞ்சினோட தலைய யாரோ முன்னாடியே ஒரு தடவ கழட்டியிருக்காங்க. போல்ட்டெல்லாம் புதுசு. விக்கறதுக்காக வளஞ்ச வால்வ மட்டும் மாத்திட்டுப் பழைய செயினையே மாட்டிட்டானுங்களோ என்னமோ. ஆயில் எவ்வளவு இருக்கு, பாத்தாரா மாமா?"

"பானெட்டக் கட்டி வச்சிருக்கு."

"எதால?"

"கயித்தால. சாமிக் கயிறு."

அவர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

வண்டியை அவர் கையில் கொடுத்தால் போதும், சாமான் கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டும், பிரித்துப் போட மூன்று நாள் ஆகும் என்றார். அதுவரை மலை இறக்கவே கூடாது. மாமாவிடம் போனிலும் பேசுவதாகச் சொன்னார்.

கிளம்பும்போது ஒன்று கேட்டேன். ஒரு வண்டியைக் கெடுக்காமல், கிளம்ப மட்டும் விடாமல் செய்ய வழி உண்டா என்று. சும்மாதான் கேட்டேன்.

"ஏன், மாமாவ வீட்லயே கட்டிப் போடப் போறியா?" என்று சிரித்தார். பட்டறையில் நின்ற இன்னொரு காரில், ஸ்டியரிங்குக்குக் கீழே முழங்கால் இடிக்கும் இடத்தில் ஒரு சின்ன மூடியைத் திறந்து காட்டினார். வரிசையாகப் பல நிறத்தில் வில்லைகள். "இந்த மஞ்சள். பெட்ரோல் பம்புக்கான ஃபியூஸ். தனபால் வண்டியிலயும் இதே எடந்தான். இது இல்லேன்னா எஞ்சின் சுத்தும், ஆனா புடிக்காது."

ஜூன் 17, செவ்வாய்

மாமாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்ல நினைத்தேன். பாதி சொல்வதற்குள் நாக்கு ஒட்டிக்கொண்டது.

"சார்லஸ் போன் பண்ணினான். அவனுக்கு வேல வேணும், அதான் கத சொல்றான். மண்டலம் முடியட்டும், பாத்துக்கலாம்."

"அக்காவை வேற வண்டியில..."

"என் பொண்டாட்டிய நான் இன்னொருத்தன் வண்டியில ஏத்தணுமா? ஊருக்கெல்லாம் நான் வண்டி ஓட்டறேன் புள்ள!"

அவருக்குக் கோபமில்லை. கட்டின கயிற்றை அவிழ்த்தால் என்ன வெளியே வருமோ என்ற பயம்தான் அவர் முகத்தில் இருந்தது. பழனிவேல் என்ற பெயரை நான் சொன்னதும் கதவைப் போய்ச் சாத்தினார். "உங்கக்காவுக்கு இது யாரோட வண்டின்னு தெரியாது. தெரிய வேண்டாம்."

ஜூன் 18, புதன்

சத்தம் நீண்டுவிட்டது. நான் இறங்கிக் குழாய்க்குப் போய் வாளியை வைத்த பிறகும் கேட்டது. மீட்டரில் ஆயில் ஜாடி போல ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. மாமா அந்த இடத்தில் சந்தனம் வைத்துவிட்டார்.

ஜூன் 20, வெள்ளி

மதியம் அக்காவுக்கு வலி கண்டது.

குறித்த நாளுக்கு முன்பே வரும் என்று யாரும் நினைக்கவில்லை. மாமா வீட்டில்தான் இருந்தார். நான் பிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றினேன், பழைய புடவைகளைப் பையில் வைத்தேன். மாமா அக்காவைப் பின் சீட்டில் படுக்க வைத்து, பாட்டைப் போட்டு, சாவியைத் திருப்பினார். எஞ்சின் சுற்றியது. பிடிக்கவில்லை. மறுபடியும் திருப்பினார். சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, பாட்டு மட்டும் முழுச் சத்தத்தில் ஓடியது.

"என்னய்யா இது, இப்பப் போயி! டேய், விடுடா! என் பொண்டாட்டிய விட்டுடுடா!" என்று மாமா டாஷ்போர்டில் அடித்துக் கத்தினார். யாரிடம் கத்துகிறார் என்று அக்கா வலிக்கு நடுவிலும் கேட்டாள்.

நான்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். விலாசத்தை நான் சொன்னேன், சத்தமாக, இரண்டு முறை. வழியில் மரம் சாய்ந்திருக்கிறது, சுற்றித்தான் வருவோம் என்றார்கள்.

அவர்கள் வரும்வரை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். என் விரல்களை நசுக்கினாள். நசுக்கட்டும் என்று இருந்தேன். "யமு, இந்தப் புள்ளையும் போயிடுமா?" என்று கேட்டாள். மற்ற கையால் அவள் நெற்றி வியர்வையைத் துடைத்தேன்.

ஆம்புலன்ஸில் மாமா ஏறிக்கொண்டார். எனக்கு இடமில்லை. விளக்கு பனிக்குள் மறைந்த பிறகு வீட்டுக்குள் வந்தேன். மிளகாய்த்தூள் டப்பாவைத் திறந்து பார்த்தேன். மூடினேன். மறுபடியும் திறந்து, அதிலிருந்த மஞ்சள் வில்லையைத் துடைத்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். கை இன்னும் எரிகிறது.

ஜூன் 21, சனி

போன் வேலை செய்யவில்லை. சாப்பிடவில்லை. வாசலில் வண்டி நிற்பதால் கதவைத் திறக்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

பெண் குழந்தை. ஆம்புலன்ஸிலேயே, மலை பாதி இறங்கும்போதே பிறந்துவிட்டது. அக்காவுக்கு ரத்தம் நிற்காமல் போயிருக்கிறது. வண்டியில் வந்த நர்ஸ்தான் ஊசி போட்டு, கைவிடாமல் கொண்டுபோய்ச் சேர்த்தாராம். இருவரும் நன்றாக இருக்கிறார்கள். மாமா போனில் அழுதார்.

பிறகு நானும் அழுதேன். சோறு வடித்து இரண்டு தட்டுச் சாப்பிட்டேன்.

ஜூன் 23, திங்கள்

மாமா வந்தார். வீட்டுக்குள் வராமல் நேராகக் காருக்குப் போய், பானெட்டில் நெற்றி படும்படி குனிந்து நின்றார்.

"புரியுதா யமு? நம்ம வண்டியில போயிருந்தா நர்ஸ் ஏது? ஊசி ஏது? உங்கக்கா வழியிலயே போயிருப்பா. அவருதான் நிறுத்தினாரு. நான் அவரத் திட்டினேன், அவரு என் குடும்பத்தயே காப்பாத்திட்டாரு."

நான் உள்ளே போய் ஃபியூஸைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தேன். அக்காவுக்கு வலி கண்டதும் ஓடிப்போய் எடுத்தது, மிளகாய்த்தூள் டப்பாவில் ஒளித்தது எல்லாம் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன்.

அவர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"உனக்கு ஃபியூஸப் பத்தி என்ன தெரியும்? ஒரு மனுசன் முகத்தப் பாத்துப் பேச மாட்ட. அன்னைக்குன்னு பாத்து உன் கைய உள்ள விட வச்சது யாரு?"

"நான்தான் மாமா. செயின் போயிடும்னு..."

"உன் கை. ஆனா எடுத்தது அவரு."

கண்ணில் ஒற்றிக்கொண்டு அதை அதன் இடத்தில் மாட்டினார். வண்டி உடனே கிளம்பியது. அந்தச் சத்தம் வந்தது. மாமா இப்போது பாட்டுப் போடவில்லை. கையைக் கூப்பிக்கொண்டு கேட்டார்.

ஜூன் 24, செவ்வாய்

இந்திராணி அக்காவை மாமாவே போய் அழைத்து வந்தார். பழனிவேலின் போட்டோ ஒன்று வாங்கி டாஷ்போர்டில் ஒட்டி மாலை போட்டார். மண்டலம் முடிந்தாலும் கட்டை அவிழ்க்கப் போவதில்லையாம். இந்த வண்டியை எந்த மெக்கானிக்கும் தொடக் கூடாதாம்.

"வியாழக்கிழம சத்யாவையும் புள்ளையையும் இதுலதான் கூட்டிட்டு வரப்போறேன். நீங்க ரெண்டு பேரும் வாங்க. அவரு மொகத்துக்கு முன்னாடிதான் புள்ள வீட்டுக்கு வரணும்."

இந்திராணி அக்கா மாலையைச் சரிசெய்தார். குடித்தவன் என்று சொன்ன ஊரில் முதல் முறையாக ஒருவர் தன் புருஷனைக் கும்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். குழந்தை அழுவது கேட்டது. என்னவோ சொல்ல ஆரம்பித்தேன். "யமு, எதா இருந்தாலும் வந்து பேசிக்கலாம். எனக்கு வீட்டுக்கு வந்தாப் போதும்" என்றாள் அக்கா. அவள் குரலில் ரத்தமே இல்லை.

ஜூன் 26, வியாழன்

மாமா குளிக்கப் போனார். நான் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தேன். பனி கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நின்றது. கைப்பிரேக்கை இழுத்திருக்கிறதா என்று பார்த்தேன். கியரைப் பார்த்தேன். சாவியைப் போட்டேன். திருப்பவில்லை.

இடது கதவு திறந்தது. இந்திராணி அக்கா உள்ளே உட்கார்ந்து கதவை மூடினார். நல்ல புடவை கட்டியிருந்தார். போட்டோவில் இருந்தவர் எங்கள் இருவரையும் பார்த்தார்.

"ஒரு வருசமாச்சு இந்த சீட்ல ஒக்காந்து" என்றார். பிறகு, "இன்னும் ஏன் சாவியத் திருப்பல?" என்றார்.

சார்லஸ் அண்ணன் சொன்னதைச் சொன்னேன். போட்டோவைப் பார்த்துக்கொண்டே சொன்னதால் சொல்ல முடிந்தது. செயின். பல்லு தாண்டுவது. எஞ்சின் நின்றால் பிரேக் கல்லாகிவிடுவது. எவ்வளவு மிதித்தாலும் டயரின் தடம் விழாது என்பது.

குளியலறையில் மாமா தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"அப்ப மிதிச்சிருப்பாரா?"

"மிதிச்சிருப்பாருக்கா."

"தூங்கல."

"இல்லக்கா."

"தெனமும் நான் வாசல்ல நின்னு கேட்டிருக்கேனே. காப்பியக் கையில வச்சுக்கிட்டுச் சிரிச்சிருக்கேனே." புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். "இன்னைக்குப் பச்சப்புள்ளய வேற ஏத்தப் போறான்."

"ஆமா."

"சாவியத் திருப்பு."

திருப்பினேன். அது வந்தது. இன்று அடங்கவே இல்லை. இருக்கை வழியாக முதுகெலும்புக்குள் ஏறியது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் தலையைச் சாய்த்து அதைக் கேட்டவர், இன்று நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கை நீட்டி, புருஷனின் போட்டோவைப் பிய்த்தெடுத்து மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

"மிதி" என்றார்.

ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். விட்டேன். மிதித்தேன். எஞ்சின் அலறியது. லயனில் நாய்கள் குரைத்தன. குளியலறைக் கதவு படாரென்று திறந்தது. "யமு! என்ன புள்ள பண்ற!" என்று மாமா கத்தினார்.

"விடாத. மிதி."

மிதித்துத் திடீரென்று விட்டேன். உள்ளே ஒரு அடி. இரும்புப் பாத்திரத்தைச் சுவரில் எறிந்தது போல இருந்தது. வண்டி ஒரு முறை குலுங்கியது. பிறகு எதுவும் இல்லை. மீட்டரில் எல்லா விளக்குகளும் எரிந்தன.

கால் தானாக பிரேக்குக்குப் போயிற்று. இரண்டு முறை இறங்கியது. மூன்றாவது முறை பாறையை மிதிப்பது போல இருந்தது. இந்திராணி அக்கா என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா ஈரத் துண்டோடு ஓடிவந்து என்னை இழுத்துத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். எஞ்சின் எடையே இல்லாதது போல வேகமாக, வெறுமையாகச் சுற்றியது. இன்னொரு முறை. இன்னொரு முறை. சாமி பெயரைச் சொன்னார். பழனிவேலின் பெயரைச் சொன்னார். டாஷ்போர்டில் போட்டோ இருந்த இடத்தைத் தடவினார்.

இந்திராணி அக்கா இறங்கி, வண்டியின் முன்பக்கமாகச் சுற்றி அவரிடம் வந்தார். சாவியில் இருந்த கையை மெல்ல எடுத்துவிட்டார்.

"தனபாலு, போதும். இதுல அவரு இல்ல. புள்ள காத்திருக்கும். வேற வண்டியக் கூப்பிடு."

மாமா அவரை நிமிர்ந்து பார்த்தார். துண்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு என்னைப் பார்த்து, போனைக் கொண்டுவா என்று கை நீட்டினார்.